எந்த அடுத்த வருஷம்

காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் புத்தாண்டு என்றாலே கொட்டாவிதான் வரும். ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்லி வரவேற்கிற வருஷத்தை அவர்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே அடித்து, வெட்டி, கட்டி, வண்டியேற்றி அனுப்பியிருப்பார்கள். மிஷினில் ஓடுவதுதான் அங்கே 'இந்த வருஷம்'. இன்னும் தாளில் ஏறாததுதான் 'அடுத்த வருஷம்'. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் கொஞ்ச நாள் முழிப்பார்கள். பிறகு அவர்களும் அப்படியே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அங்கே தாள் வெட்டும் மிஷின் அவனுடையது. அதனால் எல்லோருக்கும் அவன் 'கட்டிங்'. ஒரு சொட்டுகூடக் குடிக்காத மனுஷனுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர். கல்யாணத்தின்போது மாமியார் அதைக் காதில் கேட்டுவிட்டு முகம் வெளுத்துப்போனாள். இது வேறு கட்டிங் என்று புரியவைப்பதற்குள் மச்சானுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த மிஷினில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால்தான் கத்தி இறங்கும். கை ஒன்று கத்திக்கடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. அவன் குணமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆபத்து எதுவும் இல்லை என்று நிச்சயமாகத் தெரியாமல் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டான்.

டிசம்பர் கடைசி நாள். மிஷின் சும்மா கிடந்தது. அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தான், எண்ணெய் விட்ட இடத்திலேயே விட்டான். காலையில் முதலாளி கூப்பிட்டு, இனி நீதான் ஃபோர்மேன், சம்மதமா என்று சாயங்காலத்துக்குள் சொல் என்றிருந்தார். மற்றவனாக இருந்தால் குதித்திருப்பான். இவனோ 'பார்க்கலாம் முதலாளி' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

ஏனென்றால் அவன் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு கடை நடந்துகொண்டிருந்தது. பைண்டிங், விசிட்டிங் கார்டு, பில் புத்தகம். மிஷின் எந்த மூலையில் நிற்கும், மனைவி எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாள், எல்லாம் முடிவாகிவிட்டது. போர்டின் நிறத்தில் மட்டும் தகராறு. திங்கட்கிழமை பச்சை என்பான், வெள்ளிக்கிழமைக்குள் அது நீலமாகிவிடும். பல வருஷமாக 'ஒரு நாள் பாரு' என்று மட்டுமே மனைவியிடம் சொல்லிவந்தவன், காலண்டர் அடிக்கிற நேரத்து நெருக்கடியில் ஒரு நாள் ஓவர்டைம் முடிந்து வந்து, "சத்தியமா சொல்றேன், அடுத்த வருஷம் நாம தனியா ஆரம்பிச்சிடலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். நாள் முழுக்க ஜவுளிக்கடையில் நின்று புடவை விரித்துக் காட்டி வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள், "ம்" என்றாள். அவ்வளவுதான். அவனும் மறந்துபோனான்.

மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. முன்னே கடிகார ரிப்பேர்க் கடை இருந்ததே, அந்த முனை அறைக்கு உடனே வரச் சொன்னாள்.

போனால் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே அவள் கையில் துடைப்பம், இடுப்பில் சாவி. கடிகாரங்கள் தொங்கிய இடமெல்லாம் சுவரில் வெளிறிய வட்டங்கள். அவள் மூச்சு விடாமல் சொன்னாள்: ஜவுளிக்கடையில் இன்றோடு நின்றுகொண்டாளாம். அண்ணன் அறைக்காரரிடம் பேசி சாவி வாங்கிக் கொடுத்துவிட்டாராம். நல்ல வெளிச்சமாம்.

அவன் ஷட்டருக்கு வெளியிலேயே நின்றான்.

"என்ன அவசரம்? நான் அடுத்த வருஷம்னுதானே சொன்னேன்."

"நாளைக்கு அடுத்த வருஷந்தானே?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவன் சத்தியம் செய்த அன்று மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது நாளைக்குப் பிறக்கப்போகிற வருஷம்தான். அச்சகத்துப் பேச்சில் அது 'இந்த வருஷம்', 'அடுத்த வருஷம்' இல்லை. மென்று விழுங்கி, அச்சகத்துக் கணக்கை அவளுக்கு விளக்கினான். சொல்லச் சொல்ல அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"சரி, அடுத்த வருஷம் நீங்க அதுக்கு அடுத்ததை வெட்டிக்கிட்டிருப்பீங்க. அப்ப நீங்க சொன்ன வருஷம் எப்பதாங்க வரும்?"

அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தான். மூலையில் நின்றான், எதிர் மூலைக்குப் போனான். வெட்டும் மிஷின் இங்கே நிற்கும் என்று கால் தானாகவே இடம் விட்டுச் சுற்றிப்போனதைக் கவனித்ததும் அவள் பக்கம் திரும்பினான். இவள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள். அவன் நம்பாத அவன் வார்த்தையை அவள் நம்பியிருக்கிறாள்.

போனை எடுத்தான்.

"முதலாளி, நாளைலேர்ந்து நான் வரமாட்டேன்."

"நாளைக்கு லீவுதானேப்பா" என்று சிரித்தார் அவர்.

"அதுக்கு மறுநாளும் வரமாட்டேன், முதலாளி."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அவர் கொஞ்ச நேரம் பேசினார், யோசிக்கச் சொன்னார், நாள் கொடுத்தார். இவன் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னானே தவிர, மாற்றிச் சொல்லவில்லை. வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுவும் பயமாகத்தான் இருந்தது.

அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு மறுபடியும் பெருக்கத் தொடங்கினாள். குனிந்தபடியே கேட்டாள்.

"போர்டு என்ன கலர்?"

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேனே."

துடைப்பம் நின்றது. அவள் நிமிர்ந்தாள்.

"எந்த நாளைக்கு?"

"பச்சை" என்றான் அவன்.