திரும்பியவர்கள்

“தேதியை மட்டும் போட்டா ஆச்சா? மணியையும் போடு,” என்றாள் படுக்கையில் கிடந்த அம்மா சூரகான்.

பெகாயிம் போட்டாள். காலை எட்டு இருபது. தலையணைமேல் சாய்த்து வைத்திருந்த பச்சை அட்டை நோட்டில், அம்மாவின் கோணல்மாணலான இரண்டு வரிகளுக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். ‘என்னால் இயலாமல் போனால் நகரப் பொறுப்பை என் மகள் ஏற்பாள்.’ நான்கு நாளாகப் பஞ்சில் நனைத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தவள், இந்த ஒரு வாக்கியத்தை எழுத அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றுக் கட்டி இனி யார் பேச்சையும் கேட்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சூரகான் மட்டும் எல்லாரும் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற பழைய எண்ணத்திலேயே இருந்தாள்.

கராகோல் ஊர்ப் பள்ளியின் மலையேற்றக் குழுவை முப்பத்தொரு வருடம் நடத்தியவள் அவள். நடக்க முடியாமல் போன பிறகு அவளுடைய பழைய மாணவன் தலந்த் பிள்ளைகளை அழைத்துப் போனான். இவள் வீட்டில் உட்கார்ந்து நகரப் பொறுப்பைப் பார்த்தாள். பொறுப்பு என்றால் வேறொன்றுமில்லை, தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருப்பதுதான். மாலை ஐந்து மணிக்குள் குழு கீழே இறங்கி, எல்லாரும் வந்தாயிற்று என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் பொறுக்கலாம். ஏழு மணிக்கு மீட்பு நிலையத்தைக் கூப்பிட்டாக வேண்டும்.

இன்று காலைதான் பதினோரு பிள்ளைகளும் இரண்டு பெரியவர்களும் பள்ளத்தாக்குக்குக் கிளம்பியிருந்தார்கள். தள்ளிப்போடச் சொல்லி பெகாயிம் தலந்திடம் மன்றாடிப் பார்த்தாள். அது சூரகானின் காதுக்கு எட்டிவிட்டது.

“நான் சாகறதுக்கும் அதுங்க மலை ஏறறதுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த வாரம் பாதிப் பிள்ளைங்க குடும்பத்தோட கோடை மேய்ச்சலுக்குப் போயிடும்.”

“சரிம்மா. தெரியும்.”

“தெரியும்னு சொல்றவங்கதான் கோட்டை விடுவாங்க. ஏழு ஆச்சுன்னா யாரையும் கேக்காத. அப்பாவையும் கேக்காத. அப்புறம், போனவங்க எத்தனையோ வந்தவங்களும் அத்தனை இருக்கணும். ரெண்டு எண்ணும் ஒண்ணா இல்லாம நோட்டுல கையெழுத்துப் போட்டு மூடாத.”

கழிப்பறைக்குப் போவதென்றாலும் சூரகானிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஊரே கேலி பேசும். பெகாயிமால் மட்டும் அந்தக் கேலிக்குச் சிரிக்க முடிந்ததில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதில், குழுவோடு ஏரிக்குப் போவதற்காக மூன்று நாளாகப் பையைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். சீட்டில் அப்பா அசனாலியின் கையெழுத்து இல்லை. அவர் சைபீரியாவில் எங்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நீயே போடேன் அம்மா என்று அழுதாள். “கூட்டிட்டுப் போறவளே அனுமதியும் குடுத்தா, என்னை யாருடி கேள்வி கேக்கறது?” என்றாள் சூரகான். பிறகு பதினான்கு ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்தில் போனாள். பெகாயிம் பையோடு வாசல் கேட்டில் நின்றாள். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. தலைநகர் பிஷ்கெக்கில் வேலை, கல்யாணம், விவாகரத்து எல்லாம் ஆகிவிட்டன. அந்தக் கேட்டில் நின்றது மட்டும் இன்னும் ஆறவில்லை.

நண்பகலுக்குப் பிறகு சூரகானுக்கு மூச்சு மாறியது. பக்கத்து வீட்டு குல்பரா வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஓத ஆரம்பித்தாள். மூன்று மணிக்கு இரண்டு சித்திகள் வந்தார்கள். அசனாலி கூடத்துக்கும் அறைக்கும் நடந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஐந்து மணி ஆனது. தொலைபேசி அடிக்கவில்லை. அந்த மண்சுவர் வீட்டுக்குள் கைபேசிக்கு சிக்னல் எட்டாது, ஜன்னல் விளிம்பில் வைத்தால்தான் அது அடிக்கும். ஒழுங்காகப் பேச வேண்டுமென்றால் கேட்டுக்குப் போக வேண்டும். பெகாயிம் கேட்டுக்குப் போய்த் தலந்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். தொடர்புக்கு அப்பால் இருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஐந்தரைக்கு மறுபடியும் போனாள்.

“கூப்பிட்டானா?” சூரகான் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

பெகாயிம் தொலைபேசியைப் பார்த்தாள். அசனாலி அவள் முழங்கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துப் போனார்.

“சொல்லிடும்மா. வந்துட்டாங்கன்னு சொல்லிடு. அதுக்காகத்தான் உசுரைக் கையில புடிச்சிட்டிருக்கா. நிம்மதியா போகட்டும்.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“நாப்பது வருஷம் அவகிட்ட ஒரு பொய் சொல்லித் தப்பிச்சதில்ல நான். நீயாச்சும் சொல்லிப் பாரு.” அவர் அறைப் பக்கம் பார்த்தார். “அவ படறதைப் பாக்க முடியல.”

பெகாயிம் உள்ளே போய் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“வந்துட்டாங்கம்மா. இப்பத்தான் கூப்பிட்டான்.”

“எத்தனை பேரு?”

“பதிமூணு.”

“பேரு பேரா சொன்னானா?”

“சொன்னான்.”

“சொல்லு.”

பெகாயிம் நோட்டைத் திறந்து வாசித்தாள். அர்லென். ஐபேரி. தினிஸ்தான். ஒவ்வொரு பெயருக்கும் சூரகானின் ஆள்காட்டி விரல் போர்வைமேல் லேசாக அசைந்தது. கடைசியில் தலந்தின் பெயரையும் உடற்பயிற்சி ஆசிரியையின் பெயரையும் சொல்லி முடித்தாள். குல்பரா ஓதுவதை நிறுத்தியிருந்தாள்.

“தலந்த் தன் பேரைத்தான் எப்பவும் மொதல்ல சொல்லுவான்,” என்றாள் சூரகான். “நோட்டைப் பாத்துப் படிக்கற.”

பெகாயிமுக்குக் காது சுட்டது. பொய்யில் பிடிபட்ட பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் போல நின்றாள்.

“மணி என்ன?”

“ஆறு அஞ்சு.”

“இன்னும் இருக்கு.” சூரகான் மூச்சுக்குக் கொஞ்சம் காத்தாள். “ஏழுக்கு எந்திரிச்சுப் போ. நான் எப்படி இருந்தாலும் போ.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவள் கை பெகாயிமின் கையில் இருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தாலும் பிடியில் அழுத்தம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தை பெகாயிம் அவ்வளவு வெறுப்போடு பார்த்ததில்லை. ஆறே முக்காலுக்கு மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. குல்பரா சத்தமாக ஓதினாள். சித்தி ஒருத்தி, “எங்கயும் போயிடாதடி, இதோ இதோன்னு இருக்கு,” என்றாள்.

ஏழு அடித்தது.

போகக் கூடாது என்றுதான் பெகாயிமின் உடம்பு முழுக்கச் சொன்னது. பத்து நிமிடம் பொறுத்தால் மலை ஓடிப்போய்விடாது. ஆனால் பதினோரு வீடுகளில் அம்மாக்கள் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாஸ்கோவில் வேலை செய்யும் ஒருத்தி, விமானத்தில் வந்த ஆளிடம் சீட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள், வேறு யாருடைய கையெழுத்தையும் சூரகான் ஏற்கமாட்டாள் என்று தெரிந்து. பெகாயிம் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள்.

மீட்பு நிலையத்தில் உடனே எடுத்தார்கள். குழு எங்கே, எந்த வழி, கடைசியாக எப்போது பேசினார்கள் என்று ஒருவர் நிதானமாகக் கேட்டார். நோட்டில் எல்லாம் இருந்தது. எந்த ஓடையைத் தாண்டுவார்கள், எங்கே சாப்பிடுவார்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்குவார்கள் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது.

“பிள்ளைங்க விவரம் சொல்லுங்க. பேரு, வயசு, போட்டிருக்கிற துணி.”

“அர்லென், பதிமூணு வயசு, நீல மேல்சட்டை. ஐபேரி, பன்னெண்டு, மஞ்சள் தொப்பி, மூச்சிரைப்பு இருக்கு, மருந்து அவ பையில இடது பக்கம் இருக்கு.”

எட்டாவது பெயரில் அசனாலி வாசல்படிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவளைப் பார்த்தார். உள்ளேயிருந்து பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள்.

“ஹலோ? அங்க என்ன சத்தம்?” என்றார் நிலையத்துக்காரர்.

பெகாயிம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எழுத்துகள் கலங்கின. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல. எழுதிக்குங்க. ஒன்பதாவது, சுமாகுல். பதினாலு வயசு. சிவப்பு மேல்சட்டை.”

பதிமூன்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

எட்டரைக்கு, வெளிச்சம் முழுதாகப் போகும் முன்பே, மீட்பு லாரி வீட்டு வாசலில் வந்து நின்றது. முழங்கால்வரை சேறோடு பிள்ளைகள் இறங்கினார்கள். முதலில் சளசளவென்று பேசினார்கள். ஒப்பாரி காதில் விழுந்ததும் ஒருவர் பின் ஒருவராக வாயை மூடிக்கொண்டார்கள். தலந்த் கேட்டருகே நின்றுவிட்டான்.

“சூரகான் அக்காகிட்ட சொல்லணும்,” என்றான்.

“எங்கிட்ட சொல்லு. கையெழுத்து நான்தான் போட்டிருக்கேன்.”

அவன் பெயர்களைச் சொன்னான், தன் பெயரை முதலில் வைத்து. அவள் ஒவ்வொன்றாகக் குறித்தாள். மதிய வெயிலில் பனி உருகி ஓடை பெருகி மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். கயிறு கட்டித் தாண்டிவிடலாம் என்று பெரிய பையன்கள் துடித்தார்களாம்.

“மத்தியானத்துக்கு மேல ஓடையில காலை வைக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க. உக்காந்துட்டோம். ஏழு மணிக்கு எப்படியும் கூப்பிட்டுடுவாங்கன்னு தெரியும்.” அவன் வீட்டுப் பக்கம் பார்த்தான். “எத்தனை மணிக்கு போனாங்க?”

“நான் கூப்பிட்டுட்டு இருந்தப்ப.”

தலந்த் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். பெகாயிம் கண்ணீரைத் துடைக்காமல் நோட்டில் எழுதினாள். போனவர்கள் பதிமூன்று. திரும்பியவர்கள் பதிமூன்று. கையெழுத்திட்டு மூடினாள்.

வழக்கப்படி முற்றத்தில் கம்பளிக் கூடாரம் அடித்து, அம்மாவை அதில் கிடத்தினார்கள். ஒரு நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அசனாலி இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, கோலை ஊன்றி வெளியே நின்று, வருகிறவர்களைப் பார்த்து ஓவென்று அழுதார். பெகாயிம் கறுப்புத் துணியில், உள்ளே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாடி அழுதாள். பாட்டில் எல்லா மகள்களும் சொல்வதையே சொன்னாள். கேட்டில் நின்றதைச் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் தொழுகை முடிந்து, கம்பளத்தில் சுற்றி அம்மாவைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றினார்கள். பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. எல்லாரும் கேட்டோடு நின்றார்கள். பெகாயிம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேருந்துப் படிக்குப் போனாள். அவள் கையில் பச்சை நோட்டு இருந்தது.

“இந்த நேரத்துல என்னடி நோட்டு?” என்றாள் ஒரு சித்தி.

“அப்பா, எத்தனை பேரு போறீங்க?”

படியில் நின்ற அசனாலி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு திரும்பி, விரலை நீட்டி, இருக்கை இருக்கையாக எண்ண ஆரம்பித்தார். உள்ளே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருமே எப்போதோ அப்படி எண்ணப்பட்டவர்கள்தான். தலந்த் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அவளைச் சேத்தா, சேக்காமலா?” என்றார்.

“சேத்துச் சொல்லுங்க.”

“முப்பத்தேழு. ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவோம்.”

அவள் எழுதினாள். பேருந்து கிளம்பியது. ஆலமரம்போல நிழல் விரிக்காத, நெட்டையாக நிற்கும் பாப்லர் மரங்களின் நடுவே அது சிறுத்துக்கொண்டே போய், திருப்பத்தில் மறைந்தது. பெண்கள் சமையலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். பெகாயிம் கேட்டிலேயே நின்றாள்.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேருந்து வந்தது. கால்மண்ணோடு ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவள் உதடசைய எண்ணினாள். கடைசியாக அசனாலி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அவள் பக்கத்தில் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்.

போனவர்கள் முப்பத்தேழு. திரும்பியவர்கள் முப்பத்தாறு.

“கையெழுத்துப் போடலையா?” என்றார்.

அவள் பேனாவை மூடினாள். கையெழுத்துக்கான கோட்டைக் காலியாக விட்டு, நோட்டை ஜன்னல் விளிம்பில், தொலைபேசிக்குப் பக்கத்தில், விரித்தபடியே வைத்துவிட்டு அப்பாவுக்குத் தேநீர் ஊற்றப் போனாள்.