ஒண்ணு அஞ்சு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்குக் கட்டுகஸ்தோட்டை கராஜில் நான்கு பேர் இருந்தார்கள். முதலாளி ஷிஹாப் மேசைக்குப் பின்னால், ஒரு பக்கம் சாயும் தன் கதிரையில். காரின் சொந்தக்காரர் யோகராஜ் அவருக்கு எதிரே, ஏதோ வேனிலிருந்து கழற்றிவைத்த சீற்றில். அவருடைய மச்சான் சுமன் டயர் அடுக்கின் மேல், காலை ஆட்டிக்கொண்டு. எஞ்சின் வேலைக்குப் பொறுப்பான நிரோஷினிக்கும் ஒரு ஸ்டூல் கிடந்தது, அவள் உட்காரவில்லை. நால்வருக்கும் நடுவே, சாக்கின் மேல், காலையில் காரிலிருந்து இறக்கிய ஹெடர். எஞ்சினின் நான்கு வாய்களிலிருந்தும் வரும் புகையை வாங்கி ஒன்றாக்கிப் பின்னால் அனுப்பும் நான்கு வளைகுழாய்கள். காரில் பூட்டிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

"கடுகண்ணாவை ஏத்தத்துல ஒரு லொறிய முந்தப் போனேன் நானா," என்றார் யோகராஜ் ஷிஹாபிடம். "பழைய குழாயோட அதே எடத்துல எத்தனையோ தடவ முந்தியிருக்கேன். இந்தத் தடவ மிதிக்கிறேன், மிதிக்கிறேன், சத்தம் மட்டும்தான் வருது. வண்டி பம்முது. எதுக்கால பஸ். லொறிக்காரன் பிரேக் அடிச்சு எடம் விட்டான். இல்லேன்னா நானும் சம்சாரம் தர்ஷிகாவும்..." அவர் கீழே கிடந்த குழாய்களை முறைத்தார். "அவ அதுக்கப்புறம் கார்ல ஏறவே இல்ல. பஸ்லதான் போய் வர்றா."

"நான் அப்பவே சொன்னேன், ஒண்ணேமுக்கால் அங்குலம் போடுங்கன்னு," என்றான் சுமன். "பெரிய குழாய், பெரிய மூச்சு. டீச்சர்தான் கணக்குப் போட்டு ஒன்றரைன்னு நின்னாங்க."

டீச்சர் என்பது அவன் நிரோஷினிக்கு வைத்த பட்டம்.

"ஒண்ணேமுக்கால் ரேஸ் ஓடுற எஞ்சினுக்குங்க," என்றாள் நிரோஷினி. "எப்பவும் ஏழாயிரம் சுத்துல நிக்கிற வண்டிக்கு. யோகராஜ் அண்ணன் தெருவுல ஓடுறவரு. மூவாயிரத்துக்கும் அஞ்சரை ஆயிரத்துக்கும் நடுவுலதான் அவருக்கு இழுவை வேணும். குழாய் ஒடுங்குனா புகை வேகமா ஓடும். அந்த வேகம்தான் பின்னால வர்ற புகையையும் சேத்து இழுத்துட்டுப் போகும். அகலமாப் போட்டா கீழ் சுத்துல புகை சோம்பிப்போயிரும்."

"அப்ப இது ஏன் சோம்புச்சு? இது உங்க ஒன்றரைதானே?"

நிரோஷினியின் கணக்குத் தாள் அவள் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆயிரத்து அறுநூறு சீசீ, நான்கு சிலிண்டர். ஒன்றரை அங்குலக் குழாய் என்றால் இழுவை ஐயாயிரத்து நானூறு சுற்று வாக்கில் உச்சத்துக்கு வர வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டாள். மூன்று முறையும் அதே விடை. ஆனால் கடுகண்ணாவை ஏற்றம் வேறு விடை சொல்லியிருக்கிறது.

ஷிஹாப் கதிரையை நிமிர்த்தினார். "இங்க பாருங்க. குழாய் வளைக்கிற ஜவாஹிர் நானா செவ்வாக்கிழம மக்காவுக்கு உம்றா போறார். நாளைக்குக் காலையில வளைச்சாத்தான் வேல. அவர்ட்ட நல்ல ஸ்டீல் கொஞ்சம்தான் மிச்சம் ஈக்கிது. வெட்டினா வெட்டினதுதான். அளவ இப்பவே செல்லோணும்." அவர் நிரோஷினியைப் பார்த்தார். "உன்ட கணக்க நம்பித்தான் எஞ்சின் வேலய உன்ட கையில தந்தேன். இந்த முறையும் பிழச்சா நான் வேற ஆள் பாக்கோணும். நீ பழையபடி பில் மேசைக்குப் போகவேண்டியதுதான்."

பில் மேசையில் அவள் இரண்டு வருடம் இருந்திருக்கிறாள். ஊரான மடுல்கெல்லயிலிருந்து டிப்ளோமாவும் எடுத்துக்கொண்டு வந்து, பற்றுச்சீட்டு எழுதிய இரண்டு வருடம்.

"கொஞ்சம் இருங்க நானா."

சாக்கின் அருகே குந்தினாள். குழாய்களின் நீளத்தை அவள் முன்பே அளந்திருந்தாள். ஒட்டு வேலையைப் பார்த்திருந்தாள். எஞ்சினோடு பொருந்தும் வாய்ப்பட்டையில் கசிவு உண்டா என்றும் பார்த்தாயிற்று. குழாயின் பருமனை மட்டும் அளக்கவில்லை. தானே சொல்லிச் செய்வித்த அளவை யார் திரும்ப அளப்பார்கள்? வேர்னியர் அளவுகோலைத் திறந்து முதல் குழாயில் பொருத்தினாள். படித்தாள். இரண்டாவது குழாய். மூன்றாவது. நான்காவது.

"நாப்பத்தொண்ணு தசம் மூணு மில்லி," என்றாள்.

"எவ்வளவு இருக்கணும்?" யோகராஜ் எழுந்துவிட்டார்.

"முப்பத்தெட்டு. இது ஒன்றரை இல்லீங்க. ஒண்ணும் அஞ்சு நூலும்."

அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். குழாய் வேலையில் தலை நரைத்தவர்கள் எல்லாரும் நூலில்தான் பேசுவார்கள். ஒன்றரை என்றால் ஒன்றும் நாலு நூலும்; இங்கே ஒரே ஒரு நூல்தான் கூடியிருந்தது. அந்த ஒரு நூலுக்கு இழுவை ஆயிரம் சுற்று மேலே ஏறிப் போய்விட்டிருந்தது. ஏற்றத்தில் லொறியை முந்துகிறவர் மிதிக்கும் இடத்தில் ஒன்றுமில்லை.

ஷிஹாப் மேசை லாச்சியை இழுத்து வேலை அட்டையை எடுத்தார். நிரோஷினியின் கையெழுத்தில் 1.5 என்று தெளிவாக இருந்தது. அட்டையை மேசையில் அடித்தார்.

"பாத்தீங்களா? புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு. ஜவாஹிர் கெழவன் கையில கெடச்சத வளச்சுத் தந்திட்டார். ஒரு குடும்பத்தயே கொல்லப் பாத்திருக்கார். இனி அவர்ட்ட ஒரு வேலயும் இல்ல. நீ பயப்படாத நிரோஷினி, இது உன்ட பிழை இல்ல."

சுமன்கூட காலாட்டுவதை நிறுத்திவிட்டு, "சாரி டீச்சர்," என்றான்.

அவள் வேர்னியரை மூடினாள், திறந்தாள். அந்த அட்டையை ஜவாஹிர் பார்த்ததே இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன், படம் அனுப்ப முடியாது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கிரைண்டர் சத்தத்துக்கு மேலே, இதே இடத்தில் நின்று அவள் போனில் கத்தியது ஞாபகம் வந்தது. "ஒண்ணு அஞ்சு, நானா! ஒண்ணு அஞ்சு!" அந்தப் பக்கத்திலிருந்து, "சரி புள்ள, ஒண்டு அஞ்சு," என்று திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். புள்ளியை அவள் விழுங்கிவிட்டாள். அவர் அங்கே நூலைப் போட்டுக்கொண்டார்.

அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். ஒருவர் செவ்வாய்க்கிழமை உம்றாவுக்குப் போகிறார்.

"நானா," என்றாள். "ஜவாஹிர் நானா நான் சொன்னதத்தான் வளச்சிருக்கார்."

"என்ன செல்றாய்?"

"அட்டையில எழுதுனது சரி. போன்ல ஒன்றரைன்னு சொல்லல. ஒண்ணு அஞ்சுன்னு சொன்னேன். நூல்ல பேசுறவருக்கு அது ஒண்ணும் அஞ்சு நூலும்தான். பிழை என்னோடது."

யோகராஜ் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள்.

"ஒரு வார்த்தைக்கா தங்கச்சி?" என்றார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. பிறகு மெதுவாக, "அப்ப கணக்கு?"

"கணக்கு சரிங்க. நீங்க இன்னும் ஒன்றரைய ஓட்டிப் பாக்கல."

ஷிஹாப் அட்டையைத் திரும்ப லாச்சியில் போட்டார். "அவருக்கு போன் எடு. ஒன்றரை எண்டு செல்லு."

"போன் வேணாம் நானா. போன்லதான் போச்சு. எழுதி அனுப்புறேன்."

பில் மேசைக்குப் போய்த்தான் எழுதினாள். பேப்பர் அங்கேதான் இருந்தது.

*மதிப்புக்குரிய ஜவாஹிர் நானாவுக்கு, சென்ற முறை நான் போனில் பிழையாகச் சொல்லிவிட்டேன். நீங்கள் காதில் கேட்டபடியே செய்தீர்கள். இம்முறை அளவு: ஒன்றரை அங்குலம். அதாவது ஒன்றும் நாலு நூலும். அதாவது 38 மில்லிமீற்றர். மூன்றும் ஒன்றே. வெளிப்பக்க அளவு. வளைவுகளும் நீளமும் முன்போலவே. இத்துடன் உள்ள பேப்பர் பட்டியை வெட்டுமுன் குழாயில் சுற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் முட்ட வேண்டும். இடைவெளி விட்டால் வெட்ட வேண்டாம். நிரோஷினி.*

பட்டியைப் பன்னிரண்டு சென்றிமீற்றருக்கு வெட்டி, சாக்கில் கிடந்த ஹெடரில் சுற்றிக் காட்டினாள். முனைகளுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் குழாய் பளிச்சென்று தெரிந்தது. யோகராஜ் குனிந்து அந்த இடைவெளியில் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா," என்றார்.

ஷிஹாப் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "உன்ட விஷயத்த, காரு ஏத்தம் ஏறின பொறகு பேசுவோம்," என்று சொல்லிவிட்டுப் பசைப் போத்தலை அவள் பக்கம் தள்ளினார்.

பட்டியைக் கடிதத்துக்குள் மடித்துவைத்து, உறையை ஒட்டி, ஓரத்தை நகத்தால் இழுத்து அழுத்தினாள். மேலே 'ஜவாஹிர், குழாய்க் கடை, அலவத்துகொட சந்தி' என்று எழுதினாள். சுமன் அதற்குள் தெருவில் இறங்கி, அலவத்துகொட வழியாகப் போகும் மாத்தளை பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்திவிட்டிருந்தான். "டீச்சர், ஓடி வாங்க!"

அவள் ஓடினாள். கொண்டக்டர் உறையை வாங்கி, மேல்விலாசத்தைப் பார்த்து, தெரியும் என்று தலையாட்டி, சட்டைப் பையில் செருகிக்கொண்டு மணியை அடித்தார்.