மஞ்சள் விளக்கும் மஞ்சள் ஸ்டிக்கரும்

எங்கள் பல்கலைக்கழகத்தின் சிப் தயாரிப்புக் கூடத்தை மாணவர்களே நடத்துகிறோம். பேராசிரியர் கையெழுத்துப் போடுவதோடு சரி. இந்த வருஷம் பொறுப்பு என் தலையில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சமா என்று கேட்பவர்களும் உண்டு.

சிப் செய்யும் சிலிக்கான் தகடுகளை வைக்கும் பெட்டிகள் மாறிவிடக் கூடாதென்று ஸ்டிக்கர் முறையைக் கொண்டுவந்தவள் நான்தான். புதியவர்களுக்கு வெள்ளை, மூத்தவர்களுக்கு மஞ்சள். அதைப் பற்றி வேண்டிய மட்டும் தம்பட்டமும் அடித்துக்கொண்டேன்.

எங்கள் எல்லோருக்கும் மூத்தவரை அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவருடைய சிலிக்கான் தகடுகளில் இரண்டு உடைந்து, ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால், இத்தனை வருஷம் படித்துவிட்டு ஒரு சிப்கூட இல்லாமல் வெறுங்கையோடு கிளம்ப வேண்டியதுதான்.

அன்று மத்தியானம் தும்மல் என் முன்னால் வந்து நின்றாள். புதிதாகச் சேர்ந்தவள்; தூசிகூடப் படக் கூடாத சுத்த அறைக்குள் முதல் நாளே தும்மி வாங்கிய பெயர் அது. கையில் பெட்டி. முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, என் டிசைன அண்ணனோட தகட்டுல அச்சடிச்சுட்டேன். வெளிய வந்தப்புறம்தான் மஞ்சள் ஸ்டிக்கர்னு தெரியுது."

பேசாமல் திரும்ப வைத்திருந்தால் யார் வேலை என்று கடைசிவரை தெரிந்திருக்காது. கண் எங்கே போச்சு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உறைத்தது. தகட்டின் பூச்சு வெளிச்சம் பட்டுக் கெடாமலிருக்க அச்சடிக்கும் அறையில் மஞ்சள் விளக்குதான் எரியும். பெட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசமே இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் ஓடிவந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அமிலத்துல போட்டியா?"

இன்னும் இல்லை என்றாள். அப்படியானால் டிசைன் தகட்டில் இன்னும் பொறியவில்லை, கெட்டது மேல்பூச்சு மட்டும்தான், கழுவிவிட்டு மறுபடி அடிக்கலாம் என்றார். சொன்னாரே தவிர, பூச்சைக் கரைக்கும் அசிட்டோன் பாட்டிலின் லேபிளை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் ஊற்றினார்.

தன் தப்பைத் தானே வந்து சொல்பவருக்குப் பொறுப்பாளர் டீ போட்டுத் தர வேண்டும். அது இந்தக் கூடத்து வழக்கம். தும்மலுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஸ்டிக்கர் என்னுடைய தப்பு என்றேன். பொறுப்பாளர் தப்புக்கு யார் டீ போடுவது? யாருக்கும் தெரியவில்லை. தும்மல்தான் எழுந்து போய்த் தண்ணீர் வைத்தாள். அந்த டீயில் சர்க்கரையே இல்லை. வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.

அடுத்த வாரம், அந்தத் தகட்டில் செய்து முடித்த அண்ணனுடைய சிப்பைச் சோதனை மேஜையில் மாட்டினோம். சுவிட்சருகே போன அண்ணன் கையை இழுத்துக்கொண்டார்.

"இதுல நீயும் ஒரு தடவ அச்சடிச்சிருக்க. நீயே போடு."

தும்மல் போட்டாள். சிப் வேலை செய்கிறது என்று காட்டும் சின்ன விளக்கு எரிந்தது. அண்ணன் அழுதுவிட்டார்.