எந்தக் கால் நொண்டியது

ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் நாயைக் கைமாற்றுவதென்று நோரீனும் வெண்டலும் பேசி வைத்திருந்தார்கள். இடம், ஊர்க்கோடியில் இருந்த இரும்புச் சாமான் கடையின் வாசல். அந்த நேரத்தில் கடை மூடியிருக்கும். தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படாது. யாருக்கும் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அவர்களுடைய மணவாழ்க்கை போன இலையுதிர்காலத்தில் முறிந்துபோயிருந்தது. பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. இருவருக்கும் அலுத்துவிட்டது. வீட்டை விற்றார்கள். நோரீன் துணி வெளுக்கும் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். வெண்டல் தன் அண்ணன் மெர்ல் வீட்டுக்குப் போனான். பிள்ளைகள் இல்லை. பிரிக்க முடியாமல் மிஞ்சியது ஹேஸல் மட்டும்தான். பழுப்பு நிற லாப்ரடார், ஆறு வயதுப் பெட்டை. ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் இவனிடம்.

மார்ச் மாதக் கடைசி. மெய்ன் மாநிலத்தின் அந்தக் கரையோர ஊரில் பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகிக் கிடந்தது. வெண்டல் தன் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்தான். ஹேஸல் குதிக்காமல் தயங்கித் தயங்கி இறங்கியது. வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை.

"என்ன ஆச்சு இதுக்கு?" என்றாள் நோரீன்.

"ரெண்டு நாளா அப்படித்தான். எங்கயாவது சுளுக்கியிருக்கும்."

"உங்க அண்ணன் ஏதாவது பண்ணினாரா?"

"மெர்ல் என்ன பண்ணுவான்?"

"நாயைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வாசல்ல படுத்திருந்திருக்கும், பூட்ஸ் காலால ஒண்ணு விட்டிருப்பார்."

"நோரீன், வாய்க்கு வந்ததைப் பேசாத."

"பின்ன, கால் தானா ஒடியுமா?"

வெண்டல் நாயின் கயிற்றை அவள் கையில் கொடுத்தான். நாள் முழுக்கப் படகுப் பட்டறையில் படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சாயம் பூசுகிறவன். சண்டை போடக்கூட அவனிடம் தெம்பில்லை. வண்டியில் ஏறிக் கிளம்பிவிட்டான்.

நோரீன் வேலை பார்த்தது முதியோர் இல்லத்தில். கிழவர்களைத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, திரும்பப் படுக்கவைப்பது. வேலை முடிந்து வந்தால் கட்டடத்துக்கு வெளியே இருந்த மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள். அந்த வாரம் அவளும் நொண்டி நாயுமாக ஏறினார்கள். புதன்கிழமை வாக்கில் ஹேஸல் நன்றாக நடந்தது. மெர்ல் மிதித்த வலி போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு நாயைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து வெண்டல் போன் செய்தான்.

"காலையில எழுந்திருக்கவே மாட்டேங்குது. பின்னங்கால், இடது பக்கம். உன் வீட்டுப் படியெல்லாம் ஐஸ் கட்டிக் கெடக்கும்னு அப்பவே சொன்னேன். வழுக்கி விழவச்சுட்டு எங்கிட்ட அனுப்பியிருக்க."

"பின்னங்காலா? உங்கிட்டேருந்து வந்தப்ப முன்னங்கால்தான நொண்டிச்சு? வலது."

"எனக்கு வலது இடது தெரியாதா?"

"உனக்கு எது தெரியும், சொல்லு பாப்போம்."

"நீ ஒரு காலைச் சொல்ற, நான் ஒரு காலைச் சொல்றேன். யாரோ ஒருத்தர் பொய் சொல்றோம். அது நான் இல்ல."

அவள் போனை வைத்துவிட்டு, மேலங்கியைக் கூடக் கழற்றாமல் அப்படியே படுக்கையில் சாய்ந்தாள். பிரிந்த பிறகாவது இதெல்லாம் நிற்கும் என்று நினைத்திருந்தாள்.

மறுபடி நாய் அவளிடம் வந்த வாரம், கால் தேவலை போல இருந்தது. ஆனால் முகம் சரியில்லை. வெளியே போகலாமா என்றால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கீழே போட்டுக்கொண்டது. வியாழக்கிழமை அவள் வேலையிலிருந்து வந்தபோது கதவருகே வரவே இல்லை. காலையில் வைத்த தீனி அப்படியே இருந்தது. நோரீன் தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவினாள். கொதித்தது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கோலிக்குண்டு போல ஏதோ உருண்டது. முன்னங்காலின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. இந்த முறை இடது கால்.

வெண்டலைக் கூப்பிட்டாள். "சண்டைக்கு இல்ல. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வர்றதுன்னா வா."

"வர்றேன்" என்றான்.

நாய் வைத்தியர் டாக்டர் லெவெஸ்க் ஐம்பது வயதுக்காரி. ஹேஸலைக் குட்டியிலிருந்தே தெரியும். நோரீனும் வெண்டலும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். தரையில் மண்டியிட்டு நாயின் மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

"எந்தக் கால் நொண்டிச்சு?"

"வலது முன்னங்கால்" என்றாள் நோரீன்.

"இடது பின்னங்கால்" என்றான் வெண்டல், அதே மூச்சில்.

அவன் டாக்டர் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா டாக்டர், இப்படித்தான்..."

"இருங்க. ரெண்டு பேர் சொல்றதும் நிஜமாத்தான் இருக்கும். இன்னைக்கு இந்தக் கால், ரெண்டு நாள் சும்மா இருக்கும், அப்புறம் வேற கால். அப்படியா?"

நோரீன் தலையசைத்தாள்.

"காய்ச்சல் நல்லா இருக்கு. கழுத்துல நெறி கட்டியிருக்கு. மூட்டுக்கு மூட்டு மாறுது. அடிபட்டா ஒரே கால்தான் வலிக்கும். எனக்கு லைம் நோய் மேலதான் சந்தேகம்."

"உண்ணி கடிச்சா வருமே, அதுவா?" என்றான் வெண்டல். "மரத்தடியில இன்னும் பனி கெடக்கு டாக்டர். இப்ப ஏது உண்ணி?"

"இப்பக் கடிச்சதா யார் சொன்னா? கடிச்சு மாசக்கணக்கா ஆகியிருக்கும். மான் உண்ணி பெருசாகிச் சுத்துறதே அக்டோபர், நவம்பர்லதான். நடுவுல பனி விட்டு வெயில் அடிச்சா அப்பவும் கிளம்பிரும்."

ரத்தம் எடுத்து நாலைந்து சொட்டு ஒரு சின்னச் சோதனை அட்டையில் விட்டாள். காத்திருந்தார்கள். அட்டையில் லைமுக்கான இடத்தில் நீலப் புள்ளி எழுந்தது.

"இது உடம்புல கிருமி நுழைஞ்சிருக்குன்னுதான் சொல்லும்" என்றாள் டாக்டர். "இந்தப் பக்கம் எத்தனையோ நாய்க்கு இந்தப் புள்ளி வரும், ஒரு தொந்தரவும் இருக்காது. இதுக்கு நோயும் சேர்ந்து தெரியுது. அதனால மருந்து குடுத்துரலாம். உண்ணிக்கு மாசாமாசம் குடுக்கற மாத்திரை, கடைசியா எப்பக் குடுத்தீங்க?"

நோரீன் வெண்டலைப் பார்த்தாள். வெண்டல் அவளைப் பார்த்தான்.

"வீடு மாறினதுல... நீ எடுத்துட்டுப் போயிருப்பேன்னு நெனச்சேன்" என்றான்.

"எப்பவும் நீதான குடுப்ப? நீ குடுப்பேன்னு விட்டுட்டேன்."

"அப்ப யாரும் குடுக்கல."

"குடுக்கல."

நவம்பர் மாதம் அவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நாட்கள். நாயைக் கவனிக்க முடியாமல் வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டில் அவிழ்த்து விட்டிருந்தார்கள். அது இருட்டும்வரை காய்ந்த சருகில் புரண்டுவிட்டு வரும். உடம்பைத் தடவிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. இருவருக்கும் அது இப்போது ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"இதோட ஒண்ணுக்கைக் கொஞ்சம் பிடிச்சுட்டு வாங்க" என்று டாக்டர் ஒரு தட்டையான கிண்ணத்தை நீட்டினாள். "சிறுநீரகத்தையும் பாக்கணும்."

வெளியே சேற்றில் நாய் ஒவ்வொரு இடமாக மோந்தது. வெண்டல் குனிந்தபடி கிண்ணத்தோடு பின்னால் நடந்தான். அது உட்காரும், இவன் கிண்ணத்தை நீட்டுவான், அது எழுந்துகொள்ளும்.

"அவசரப்படாத. பின்னாலயே மூச்சு விட்டுட்டு நின்னா எந்தப் பொம்பளைக்கு வரும்?" என்றாள் நோரீன்.

"அப்ப நீ பிடி."

"என் இடுப்பு குனியாது."

"எனக்கு மட்டும் ரப்பர் இடுப்பா?"

ஒருவழியாகக் கிண்ணத்தில் பாதியும் அவன் கையில் மீதியுமாகக் கிடைத்தது. அவர்கள் உள்ளே வந்தபோது நோரீனின் முகத்தில் இருந்த லேசான சிரிப்பு, டாக்டர் பேசத் தொடங்கியதும் போய்விட்டது. சிறுநீரில் புரதம் கசிந்திருந்தது. காய்ச்சலாலும் அப்படி இருக்கலாம். லைம் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் அது வேறு விஷயம். லாப்ரடார்களுக்கு அந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் அளவு பார்க்க வேண்டும்.

"அப்படி இருந்தா?" என்றாள் நோரீன்.

"இருந்தா கஷ்டம்தான். இப்பவே அதை நெனச்சு உக்காராதீங்க. ஒரு மாசம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, காலையும் சாயங்காலமும். வெறும் வயித்துல குடுத்துராதீங்க, வாந்தி எடுக்கும். மூட்டு வலி ரெண்டு மூணு நாள்ல குறையணும். நல்லாயிருச்சுன்னு பாதியில நிறுத்தக் கூடாது. அப்புறம், கொஞ்ச நாளைக்குப் படி ஏற வேண்டாம்."

படி ஏறக் கூடாதென்றால் நோரீனின் மூன்றாம் மாடி ஆகாது. மெர்ல் வீடு தரைத்தளம். அதை அவளே சொல்லட்டும் என்று வெண்டல் இருந்தான்.

"உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் அவள். "சாயங்கால மாத்திரையை நான் வந்து குடுக்கறேன். உனக்குப் பட்டறையில நேரமாகும்."

அன்று சாயங்காலம் கதவைத் திறந்தது மெர்ல். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரிய உருவம். உள்ளே விறகடுப்புக்குப் பக்கத்தில் ஹேஸல் படுத்திருந்தது. அதன் அடியில் மெர்லின் பழைய கம்பளிச் சட்டை விரித்திருந்தது.

"நான் மிதிச்சேன்னு சொன்னியாமே" என்றார்.

"சொன்னேன், மெர்ல். தப்புதான். மன்னிச்சுக்கங்க."

"மிதிக்கணும்னு தோணியிருக்கு. என் செருப்பைத் தின்னிச்சு பாரு, அன்னைக்கு. ஆனா மிதிக்கல."

"தெரியும்."

"உள்ள வா. குளிர் வருது."

மாத்திரையை வெறுமனே கொடுத்தால் ஹேஸல் கன்னத்தில் அடக்கிவைத்துப் பிறகு துப்பியது. வெண்ணெய்க்கட்டியில் வைத்தால் வெண்ணெய்க்கட்டியை மட்டும் தின்றது. மெர்ல் தன் தட்டில் இருந்த வேகவைத்த மீனை உதிர்த்து, உருளைக்கிழங்கோடு பிசைந்து, மாத்திரையை நடுவில் வைத்து உருட்டிக் கொடுத்தார். விழுங்கிவிட்டது. அதன் பிறகு தினமும் அவர்தான் உருட்டினார். இன்னொருவர் உருட்டினால் அவருக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் நோரீன் வந்தபோது ஹேஸல் வாசல்வரை நடந்து வந்தது. நாலு காலும் ஊன்றி வந்தது. அவளுக்குச் சந்தோஷத்தைவிட அசதிதான் முதலில் வந்தது. இத்தனை நாள் பிடித்துவைத்திருந்தது எல்லாம் ஒன்றாக இறங்கியது போல, வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாய் அவள் கழுத்தில் மூக்கை வைத்து நின்றது.

ஆய்வக முடிவு அடுத்த வாரம் வந்தது. டாக்டர் வெண்டலிடம் போனில் சொன்னாள். புரதக் கசிவு காய்ச்சலால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. ரத்தத்தில் மற்றதெல்லாம் இன்னும் சரியாக இருந்தது. தீனியை மாற்றச் சொன்னாள். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சேர்த்தாள். மாதம் முடிந்து மறுபடி பார்த்தபோது கசிவு பாதியாகக் குறைந்திருந்தது, நின்றுவிடவில்லை.

"எத்தனை நாள் டாக்டர்?" என்று வெண்டல் கேட்டான்.

"தெரியல. இப்படியே வருஷக்கணக்கா ஓட்டற நாய்களும் உண்டு. சில நாய் திடீர்னு மோசமாகிரும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாப்போம். தண்ணி நிறையக் குடிச்சாலோ, தீனி வேண்டாம்னாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

நோரீன் அன்று வேலைக்குப் போய் ஆறு பேரைக் குளிப்பாட்டினாள். அதில் ஒரு கிழவி, "ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். "நாய்க்கு உடம்பு சரியில்ல" என்றாள் நோரீன். கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு காயும்வரை விடவில்லை.

நோரீனும் வெண்டலும் திரும்பச் சேரவில்லை. அப்படி ஒரு பேச்சும் எழவில்லை. நாய் மெர்ல் வீட்டிலேயே தங்கிவிட்டது. மாதாமாதம் உண்ணி மாத்திரை நோரீன் பொறுப்பு என்று முடிவாயிற்று. கொடுத்ததும் மற்ற இருவருக்கும் சொல்லிவிடுவாள். வேலை முடிந்து அவள் வரும் நாட்களில் மெர்ல் மூன்று தட்டு வைப்பார். சில நாள் சாப்பிடுவாள். சில நாள், கால் வலிக்கிறது என்று போய்விடுவாள்.

ஜூன் மாதம் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. ஹேஸலை இப்போது சாலையோரமாக மட்டும்தான் நடத்தினார்கள். நடந்து வந்ததும் வாசலில் படுக்கவைத்து, காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் என்று தடவிப் பார்ப்பார்கள். ஒரு சாயங்காலம் நோரீனின் விரல் அக்குளுக்குள் எதிலோ தடுக்கியது.

"வெண்டல், இடுக்கியை எடு. உண்ணி."

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். "அது மரு. போன வருஷமே இருந்தது."

"போன வருஷம் இது இல்ல."

"இருந்தது. நான்தான குளிப்பாட்டுவேன்."

"மருவுக்குக் கால் இருக்குமா? நல்லாப் பாரு."

அவன் இன்னும் கிட்டக் குனிந்தான். ஹேஸல் இருவர் கையும் தன்மேல் இருக்க, கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டது.