ஒருவழித் தெருவில் ஏட்டையாவின் சைக்கிள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துச் சந்துகளில் ஜீப் நுழையாது. அதனால் ராஜபாளையத்திலிருந்து மாற்றலாகி வந்த ஏட்டு ஐயாதுரைக்கு ரோந்து போகச் சைக்கிள் கொடுத்தார்கள். அவர் அதை ஜீப்பாகவே நினைத்து ஓட்டினார். ஒருவழித் தெருவில் எதிர்த் திசையில் வருகிற சைக்கிளை நிறுத்தி, வால்டியூப்பைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். அவருக்குத் தெரிந்த தண்டனை அது ஒன்றுதான்.

மம்சாபுரத்துப் பால்காரன் பொன்னுராஜ் ஒருநாள் அப்படி மாட்டினான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வெயிலில் பால் திரிந்துவிட்டது. பால்கோவாக் கடை ஆனந்தவல்லி, "ஏலே, இன்னொருக்கா திரிஞ்ச பாலோட வந்தேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஊரைச் சுற்றி முறையான திசையில் வந்தான். எதிரே, முறையில்லாத திசையில், ஏட்டையா.

"ஒதுங்குலே."

"ஒருவழி, ஏட்டையா. காத்தப் புடுங்கணுமா, வேண்டாமா?"

"சட்டம் பொதுசனத்துக்கு. நான் சட்டத்தோட ஆளு."

"சைக்கிளு பொதுசனந்தான?"

குனிந்து ஏட்டையா சைக்கிளின் வால்டியூப்பைப் பிடுங்கினான். அரசாங்கக் காற்றல்லவா, அடைபட்ட கோபத்தில் கிளம்பி வடைக்கடைத் தகரக் கூரையைப் பெயர்த்துப் பெரியகுளம் கண்மாயில் கொண்டுபோய்ப் போட்டது.

ஏட்டையா லத்தியால் அவன் மண்டையில் அடித்தார். லத்தி உடைந்தது. மண்டையும் உடைந்தது, ஆனால் கொஞ்சம்தான். பொன்னுராஜ் ஒரு கையால் பால் சைக்கிளை விழாமல் பிடித்துக்கொண்டே சண்டை போட வேண்டியிருந்ததால் பல்லை உபயோகித்தான். ஏட்டையாவின் காதில் பாதி வந்துவிட்டது. அவர் குத்திய குத்தில் அவன் மூக்கு வலது பக்கம் திரும்பிக்கொண்டது. இன்றுவரை வலது பக்கத்து வீட்டுக் குழம்புதான் அவனுக்கு மணக்கிறது. விலக்கப் போன நாலு பேரில் மூன்று பேருக்குக் கை முறிந்தது. நாலாமவன் விலக்குவதை விட்டுவிட்டு, தனக்கு ஆகாத ஒருவனைத் தேடிப்போய் அடித்தான்.

சண்டை அப்படியே நகர்ந்து ஆனந்தவல்லி கடையையும் தாண்டித் தெருமுனைக்குப் போயிற்று. அங்கே ஏட்டையா மிச்சமிருந்த பற்களால் பால் சைக்கிளின் வால்டியூப்பைக் கடித்து இழுத்தார்.

ஆனந்தவல்லி பால்கோவா கிண்டும் இரும்புத் துடுப்போடு வந்து ஆளுக்கொன்று போட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"பாலு வெயில்ல நிக்கி. அவன் முட்டி பேந்து கெடக்கான். காத்தப் புடுங்குனது நீருதான? நீரே தள்ளிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏட்டையா சைக்கிளைப் பிடித்தார். கடை பின்னால் இருந்தது. அவரோ கோயிலைச் சுற்றுகிற பாதைக்குத் திரும்பினார்.

"எங்க போறீரு?"

"திரும்பிப் போனா எதிர்த் திசைல்லா. தள்ளிட்டுப் போனாலும் சைக்கிளு சைக்கிளுதான். எல்லாருக்கும் ஒரே சட்டம்னு நீதானலே சொன்ன. சுத்தித்தான் போவணும்."

"சுத்துனா பாலு திரிஞ்சிரும், ஏட்டையா."

"திரியட்டும்."

பொன்னுராஜ் ஒற்றைக் காலில் எழுந்தான். ஏட்டையாவின் இடுப்புப் பெல்ட்டை உருவினான். ஒருவழித் தெருவின் எதிர்த் திசையில், கடை வாசல்வரை, அவரைப் பால் சைக்கிளோடு அடித்துக்கொண்டே ஓட்டிப் போனான்.

பால் திரியவில்லை.