கடல் ஏறாத மேடு

ஜாராய் மகளைக் கூட்டிப்போகத்தான் மலைமேல் இருக்கும் லாபேக்கு வந்திருந்தாள். பேரனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, ஆட்டை அறுத்து ஊருக்கே போட்டாகிவிட்டது. மகள் சோனா மூட்டையைக் கட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். காம்பியா ஆற்றங்கரையின் சமவெளியில் வளர்ந்த பெண்ணுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மருமகனும் தடுக்கவில்லை. சரக்கோடு ஊர் ஊராகப் போகிறவன். அவள் எங்கே குடியிருந்தாலும் அங்கே வந்துகொள்வதாகச் சொல்லிவிட்டான்.

அந்தக் காம்பியா ஆறு பிறக்கும் இடத்தைப் பார்க்காமல் போகக்கூடாது என்று இழுத்துப்போனவள் சம்பந்தி டாலண்டா. கீழ்ச்சந்தைகளில் வருஷக்கணக்கில் ஆரஞ்சு விற்றவள். ஜாராயின் மாண்டிங்கா பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாயும் கொஞ்சம் நீளம்.

"நெல்லுக்காரிக்கு மலையப் பத்தி என்ன தெரியும்? உங்க ஊர்ல கறையான் புத்துதானே சம்பந்தி பெரிய மலை."

புல்வெளி நடுவே ஒரு குழி. அதிலிருந்து ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் கிளம்பி ஓடியது. ஊரில் அந்த ஆற்றைக் கடக்கப் படகு வேண்டும், நீர்யானைக்கும் பயப்பட வேண்டும். இங்கே ஜாராய் கரைக்கு ஒரு காலாக வைத்து நின்றாள். பிறகு குனிந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். ஊரில் எந்தப் பெண்ணும் நடவுக்கு முன் அதைச் செய்யாமல் இருக்கமாட்டாள். கோடையில் கடல் ஆற்றுக்குள் ஏறி வரும்; உப்பு போய்விட்டது என்று நாக்கு சொன்ன பிறகே வயலுக்குள் தண்ணீரை விடுவார்கள்.

டாலண்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கடல் இங்க ஏறி வரணும்னா அதுக்கு மூச்சு வாங்குமே சம்பந்தி!"

ஜாராய்க்குச் சிரிப்பு வரவில்லை. சற்றுத் தள்ளியிருந்த பாறை விளிம்புவரை நடந்தாள். நிலம் படிப்படியாக இறங்கியது. பாறைமேடு, அதற்குக் கீழே காடு, அதற்கும் கீழே இன்னொரு மேடு, கடைசியில் நீலம் பாரித்த ஒரு தாழ்வு. வண்டி இரண்டு நாள் முக்கி முனகி ஏறியபோது பாதைதான் மோசம் என்று நினைத்திருந்தாள். அவ்வளவும் உயரம் என்று இப்போதுதான் புரிந்தது. படைத்தவன் இத்தனை உயரத்தை இங்கே குவித்துவிட்டு, அவள் வயலுக்குக் கடலைவிட ஒரு முழம்தான் மிச்சம் வைத்திருந்தான். உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது, பயமாகவும் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் மகளிடம் மூட்டையைப் பிரிக்கச் சொன்னாள்.

"ஏம்மா?"

"கீழ்வயல் ரெண்டும் உப்பு ஏறி வெளுத்துப்போச்சு. உன்கிட்ட சொல்லல. உம்புள்ள தலையெடுக்கறதுக்குள்ள மேல்வயலும் போயிடும். இங்க ஏறாது. என் கண்ணால பாத்துட்டேன்."

"அப்ப நீயும் இங்கயே இருந்துடு."

"நாத்து விட்டிருக்கேன்டி. யாரு நடுவா?"

மறுநாள் வண்டி கிளம்பும்போது டாலண்டா கிண்டல் எதுவும் செய்யவில்லை. சன்னல் வழியாகப் பேரனை நீட்டி ஜாராயின் மடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்துக்கொண்டாள். வண்டி இறங்கத் தொடங்கியது. முதல் வளைவு தாண்டும்வரை ஜாராய் தாக்குப்பிடித்தாள். பிறகு முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.