நீ ரீடிங் எழுதும்மா

நாலாவது மேசையில் அன்று அவள் ஒருத்திதான் நின்றிருந்தாள். குழுவில் இருந்த இரண்டு பையன்களும் கல்லூரி அணிக்குப் பந்து விளையாடப் போய்விட்டார்கள். மின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை வழக்கம்போலச் சொன்னார்:

"பக்கத்து டீம்ல சேந்துக்க. அவங்க ஓட்டட்டும், நீ ரீடிங் எழுதும்மா."

"இல்ல மேடம், நானே ஓட்டிப் பாக்கறேன். அடுத்த வாரம் எக்ஸாம்ல தனியாத்தான ஓட்டணும்? நான் இதுவரைக்கும் ஒரு மோட்டாரக்கூட தொட்டதில்ல."

வெளியே வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். ஆசிரியைக்குத்தான் சுருக்கென்றது. எந்தக் குழுவிலும் ஒயர் பையன்கள் கையில், நோட்டு பெண்ணின் கையில். யாரும் சட்டம் போட்டதில்லை. பெண்களுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது, ஷாக் அடித்துத் தொலைத்தால் வீட்டுக்கு யார் பதில் சொல்வது என்று அவரிடமே காரணங்கள் தயாராக இருந்தன. படிக்கிற காலத்தில் அதே காரணங்களைக் கேட்டு அவரும் எழுதிக்கொண்டிருந்தவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விடுமுறை நாளில் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஓட்டிப் பழகினார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"சரி, கனெக்ஷன் குடு."

அவள் மின்சுற்றுப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒயர்களை மாட்டினாள். ஆசிரியை சரிபார்த்தார், பிழை இல்லை. மெயினைப் போட்டதும், பயத்தில், படிப்படியாக நகர்த்த வேண்டிய ஸ்டார்ட்டர் கைப்பிடியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். பட்டென்று ஃபியூஸ் போயிற்று.

பக்கத்து மேசையில் சிரிப்பு வெடித்தது. அதிகமாகச் சிரித்தவனுக்கு 'ஃபியூஸ்' என்றே பட்டப்பெயர். அத்தனை ஃபியூஸ்களை எரித்திருந்தான். ஒவ்வொரு தடவையும், "பரவால்லடா, கத்துக்கறப்ப அப்படித்தான்" என்று முதுகில் தட்டியவர்களில் ஆசிரியையும் உண்டு.

ஆய்வக உதவியாளர் புது ஃபியூஸோடு வந்தார். "பாப்பா, இது விளையாட்டுச் சாமான் இல்ல. நீ தள்ளிக்க, நான் ஓட்டிக் காட்டறேன்."

"அவளே ஓட்டட்டும் அண்ணே."

ஆசிரியையின் குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியது. உதவியாளர் மெயினை அணைத்து, ஃபியூஸை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை மாட்டி, மெயினைப் போட்டாள்; கைப்பிடிவரை போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு மேடம்."

"எனக்கும் இருந்துச்சு. மெதுவா தள்ளு. மோட்டார் வேகம் பிடிக்கற சத்தம் கேக்கும். கேட்டதும் அடுத்த படிக்குப் போ."

மோட்டார் முதலில் முனகியது. பிறகு மெல்லச் சுற்றத் தொடங்கியது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கேட்டுக் கைப்பிடியை நகர்த்தினாள். கடைசிப் படியில் ஸ்டார்ட்டரின் காந்தம் அதை 'டக்'கென்று இழுத்துப் பிடித்துக்கொண்டது.

"இனி அதுவே நிக்கும். கைய எடுத்துடலாம்."

அவள் தலையாட்டினாள். மோட்டார் முழு வேகத்தில் இரைந்தது. மேசை அதிர்ந்து, அதிர்வு அவள் முழங்கைவரை ஏறியது. கையை எடுக்கவில்லை.